பொறுத்திருந்து அளந்தவர்

நெல்லை அளப்பதற்குக் கொத்து வேண்டும்; புடைவையை அளப்பதற்கு முழக்கோல் வேண்டும். முழக்கோலைக் கொண்டு நெல்லை அளக்கப் புகுந்த ஒருவன், 'இங்கே நெல்லே இல்லை' என்று முடிவு கூறுவானாயின், குற்றம் நெல்லினுடையதன்று. இந்தச் சிறிய உண்மை, ஒரு மருந்தின் வரலாற்றிலே பல உயிர்கள் வாழ்வதா மாய்வதா என்பதைத் தீர்மானிக்கும் அளவுக்குப் பெரிதாயிற்று. அம்மருந்துக்கு வழிகண்டவர் அமெரிக்க விஞ்ஞானியாகிய ஜேம்ஸ் அலிசன்.

அலிசன் 1948ஆம் ஆண்டில் ரெக்சாஸ் மாநிலத்தின் அலிஸ் என்னும் சிறு நகரிலே பிறந்தார். தந்தையார் வைத்தியர். அலிசனுக்குப் பதினொரு வயதளவில், நிணநீர்த் தொகுதியிலே தோன்றிய புற்றுநோயினால் தாயார் காலமானார். கதிர்ச் சிகிச்சையினால் தாயின் கழுத்திலே உண்டான எரிகாயங்களைச் சிறுவன் கண்டான். நோய் யாதென்று அவன் அறியான். தாயின் உயிர் பிரிந்த வேளையிலே அவள் கையைப் பற்றியிருந்தவன் அவனே. பிற்காலத்தில் மாமன்மார் இருவரையும், 2005ஆம் ஆண்டில் சகோதரர் ஒருவரையும் புற்றுநோயே கொண்டுசென்றது.

பள்ளிக்கூடத்திலேயே அலிசனிடம் ஒரு பிடிவாதம் காணப்பட்டது. அவர் பயின்ற உயர்தரப் பாடசாலையில் உயிரியல் ஆசிரியர் கூர்ப்புக் கொள்கையைக் கற்பிக்க மறுத்தார். கூர்ப்பில்லாத உயிரியலைப் படிக்க அலிசன் மறுத்தார். ரெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் தபால்வழிப் பாடநெறி மூலமே அப்பாடத்தைக் கற்று முடித்தார். பின்னர் ஒஸ்ரின் நகரிலுள்ள அப்பல்கலைக்கழகத்திலேயே 1969இல் இளமாணிப் பட்டமும், 1973இல் கலாநிதிப் பட்டமும் பெற்றார்.

கலாநிதிப் பட்டத்துக்காக அவர் ஆராய்ந்தது, ஒருவகைக் குருதிப் புற்றுநோயை அழிக்கும் நொதியம் ஒன்றைப் பற்றியது. அந்நொதியத்தினால் நோய் நீங்கிய சுண்டெலிகளுக்கு அவர் மீண்டும் புற்றுநோய்க் கலங்களை ஏற்றிப் பார்த்தார். இம்முறை நொதியம் எதுவும் கொடுக்கப்படவில்லை; ஆயினும் நோய் வளரவில்லை. எலியின் உடல் தன் பகைவனை நினைவில் வைத்திருந்தது போலும்! அந்த நினைவு எங்கே இருக்கின்றது? இவ்வினா அவரை விட்டு அகலவில்லை.

நமது குருதியிலே நோயை எதிர்க்கும் வெண்குழியங்கள் பல வகையின. அவற்றுள் 'ரி-கலங்கள்' எனப்படுவன, மார்புக்கூட்டினுள்ளே இருக்கும் தைமஸ் சுரப்பியிலே பக்குவம் பெற்று வெளிவரும் காவலர்கள். உடலெங்கும் திரிந்து, நோய்க்கிருமி புகுந்த கலங்களைக் கண்டறிந்து அழிப்பது அவற்றின் தொழில். ஆனால், காவலன் பகைவனை எவ்வாறு இனங்காண்கின்றான் என்பது நெடுங்காலம் விளங்காதிருந்தது. ரெக்சாஸிலே ஸ்மித்வில் என்னும் ஊரிலுள்ள ஆய்வுகூடத்திற் பணியாற்றிய அலிசனும் அவர் குழுவினரும், ரி-கலத்தின் மேற்பரப்பிலிருந்து பகைப்பொருளை உணரும் புரதத்தை 1982இல் வேறுபடுத்திக் காட்டினர்.

1985இல் அவர் கலிபோர்னியாவின் பேர்க்லி நகரிலுள்ள பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகச் சென்றார். அங்கே ஒன்று தெளிவாயிற்று. ரி-கலம் ஒரு மோட்டார் வண்டி போன்றது. பகைவனை உணரும் புரதம் அதன் திறப்பு. திறப்பைத் திருப்பினால் மட்டும் வண்டி ஓடாது. விசையை மிதிக்கவும் வேண்டும். அதற்கு வேறொரு புரதம் உண்டு. அவ்வாறாயின், வண்டியை நிறுத்துவது எது?

சீ.ரீ.எல்.ஏ.–4 என்னும் ஒரு புரதத்தை 1987இல் பிரான்சிய விஞ்ஞானிகள் கண்டறிந்திருந்தனர். அதன் தொழில் இன்னதென்று தெரியவில்லை. அதுவும் விசையே என்று ஓர் ஆய்வுக் குழு கருதியது. அலிசனும், அவர் மாணவராகிய மத்தியூ குரும்மலும், தனியே ஆராய்ந்த ஜெப்ரி புளூஸ்ரன் என்பாரும், அது விசையன்று, தடுப்பே என்று காட்டினர். அத்தடுப்பு இன்றியமையாதது. அப்புரதம் இல்லாது பிறக்கும் சுண்டெலிகள், தம் காவலர்களாலேயே தாக்கப்பட்டுச் சில வாரங்களில் இறந்துபோகின்றன. அதனைக் கண்ட பலர், உடலின் சொந்தக் கலங்களை உடல் தாக்கும் நோய்களுக்கு மருந்து காணவே முயன்றனர். அலிசன் மாறாகச் சிந்தித்தார். புற்றுநோயை எதிர்க்கப் புறப்பட்ட காவலர்களை இத்தடுப்பே இடைவழியில் நிறுத்துகின்றதோ? சிறிது காலத்துக்குத் தடுப்பை மறைத்துவிட்டால் என்ன நிகழும்?

1994ஆம் ஆண்டின் முடிவிலே அச்சோதனை நடைபெற்றது. புற்றுநோயுற்ற எலிகளிற் சிலவற்றுக்கு, அத்தடுப்பைப் பிடித்து மறைக்கும் பிறபொருளெதிரி ஏற்றப்பட்டது. அவற்றின் கட்டிகள் மறைந்தன. அலிசன் தம் கண்களையே நம்பவில்லை. உடனே சோதனையை மீண்டும் நடத்துமாறு கூறினார். நத்தார் விடுமுறை நெருங்கியது. உடன் பணியாற்றியவர் பயணம் புறப்பட இருந்தார். எந்தக் கூட்டிலுள்ள எலிகளுக்கு மருந்து கொடுக்கப்பட்டது என்பதைத் தமக்குச் சொல்லாது செல்லுமாறு பணித்து, அலிசன் தாமே கட்டிகளை அளந்துவந்தார்.

முதலில் எல்லாக் கூடுகளிலும் கட்டிகள் வளர்ந்தன. அவர் மனம் சோர்ந்தது. ஆயினும் அளப்பதை நிறுத்தவில்லை. பின்னர், பாதிக் கூடுகளிலே வளர்ச்சி நின்றது, கட்டிகள் சுருங்கின, முற்றாக மறைந்தன. 1996இல் அவ்வாய்வு வெளியாயிற்று. சில நாள் முன்னதாக அளவை முடித்திருந்தால், மருந்து பயனற்றது என்ற முடிவே எழுதப்பட்டிருக்கும்.

அதன்பின் வந்த சோதனை எலிகளாலன்று, மனிதராலே வந்தது. மருந்து நிறுவனங்களை அணுகிய அலிசனுக்கு மறுமொழி பெரும்பாலும் 'முடியாது' என்பதே. நிர்ப்பீடனத்தினாற் புற்றுநோயை வெல்லலாம் என்ற நம்பிக்கை முன்னரும் பலமுறை எழுந்து பொய்த்திருந்தமையால், அறிஞர்களும் ஐயத்தோடே நோக்கினர். இறுதியில் மெடரெக்ஸ் என்ற சிறிய நிறுவனம் இம்முயற்சியை ஏற்று, இபிலிமுமாப் என்னும் மருந்தை ஆக்கியது. நோயாளர்களிடையே நடைபெறும் சோதனைகளின் அருகிலிருக்க வேண்டுமென்று, அலிசன் 2004இல் நியூ யோர்க்கிலுள்ள மெமோரியல் ஸ்லோன் கெற்றரிங் நிலையத்துக்குச் சென்றார்.

அங்கேதான் அளவுகோற் பிரச்சினை எழுந்தது. புற்றுநோய்க் கலங்களை நேரே கொல்லும் பழைய மருந்துகளின் பயனைச் சில வாரங்களில் அறியலாம். கட்டி சுருங்கினால் வெற்றி, பெருத்தால் தோல்வி. புதிய மருந்தோ புற்றுநோயைத் தொடுவதே இல்லை. காவலரை மட்டுமே விடுவிக்கின்றது. காவலர் கூட்டமாகக் கட்டியினுள்ளே புகும்போது, அது சுருங்குமுன் பெருத்தும் தோன்றலாம். இதே வகை மருந்தைச் சோதித்த மற்றொரு பெரிய நிறுவனம், 2008இல் தன் சோதனையைப் பயனில்லையென்று நிறுத்திவிட்டது. இபிலிமுமாப்பை ஆராய்ந்தவர்களோ அளவுகோலையே மாற்றினர். 'கட்டி சுருங்கியதா?' என்ற வினாவை விடுத்து, 'நோயாளர் எத்தனை காலம் வாழ்ந்தார்?' என்று வினவத் துணிந்தனர். அதற்கு ஆண்டுக் கணக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

2010இல் விடை கிடைத்தது. தோலிலே தோன்றி உடலெங்கும் பரவும் மெலனோமா என்னும் கொடிய புற்றுநோய் முற்றிய 676 பேரிடம் சோதனை நடந்தது. இபிலிமுமாப் பெற்றோரின் இடைநிலை வாழ்நாள் சுமார் 10 மாதங்கள். அதனைப் பெறாதோருக்கு 6.4 மாதங்கள். இவ்வேறுபாடு சிறிதெனத் தோன்றலாம். ஆனால், பல சோதனைகளிற் பங்குபற்றிய 1,800க்கு மேற்பட்டோரின் விவரங்களைத் தொகுத்து நோக்கியபோது, ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் மூன்றாண்டுகளின் பின்னும் உயிரோடிருந்தமையும், அவர்களுட் பெரும்பாலோர் பத்தாண்டு வரையும் வாழ்ந்தமையும் தெரியவந்தன. 2011 மார்ச்சில் அமெரிக்க அரசு அம்மருந்தை அங்கீகரித்தது.

இருபத்திரண்டு வயதில் அந்நோய்க்கு ஆளான இளம் பெண்ணொருத்தி, சோதனையிலே மருந்து பெற்றுக் குணமடைந்தாள். வைத்தியர் அழைக்க, அலிசன் தம் ஆய்வுகூடத்தை விட்டு வந்து அவளைக் கண்டார். அவள் அவரைத் தழுவிக்கொண்டாள். அவர் கண்கள் கலங்கின. அதுவரை அவருடைய வெற்றி எலிக்கூடுகளிலும் எண்களிலுமே இருந்தது. அன்று அது ஒரு முகத்தோடு எதிரே நின்றது.

இம்மருந்து மந்திரமன்று. எல்லாருக்கும் இது பயன்தருவதில்லை. தடுப்பு நீங்கிய காவலர், குடல், தோல், ஈரல், சுரப்பிகள் ஆகியவற்றையும் தாக்கக்கூடும். அதனால் உயிரிழந்தோரும் உளர். எனினும், சத்திரசிகிச்சை, கதிர்ச் சிகிச்சை, மருந்துச் சிகிச்சை என்ற மூன்று வழிகளோடு நான்காம் வழியொன்று திறந்தது. யப்பானில் கியோத்தோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தசுக்கு ஹொன்ஜோ, பீ.டீ.–1 என்னும் மற்றொரு தடுப்பை 1992இல் கண்டறிந்தவர். அதனை மறைக்கும் மருந்துகள் மேலும் பலவகைப் புற்றுநோய்களில் பயன் தந்துள்ளன. 2018ஆம் ஆண்டின் மருத்துவத்துக்கான நோபல் பரிசு இவ்விருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

பரிசு பெற்றபோது அலிசன் கூறியது கருதத்தக்கது. புற்றுநோய்க்கு மருந்து தேடித் தாம் புறப்படவில்லை என்றும், ரி-கலம் எவ்வாறு இயங்குகின்றது என்பதை அறியும் ஆவலே தம்மைச் செலுத்தியது என்றும் அவர் சொன்னார். வகுப்பறையிலே ஒரு பிள்ளை கேட்கும் வினாவை, 'இதனால் இன்றைக்கு என்ன பயன்?' என்ற கோலால் அளப்பது எளிது. அந்தக் கோலுக்கு அவ்வினா பெரும்பாலும் அகப்படாது. நோயுற்ற எலி ஏன் மீண்டும் நோயுறவில்லை என்று மாணவரொருவர் கேட்ட வினாவின் பயன், நோயாளரைச் சென்றடைய முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாயின. அத்தனை காலமும் அதனை எவரும் பயனற்றதென்று தள்ளிவிடாதிருந்தமையாலேயே, தாயின் கையைப் பற்றி நின்ற சிறுவனுக்குக் கிட்டாத வாழ்வு வேறு பல பிள்ளைகளின் தாய்மாருக்குக் கிட்டியது.