மென்பொருளுக்கும் அரங்கேற்றம் வேண்டும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தி, இரயில்வேயில் எழுத்தராய்ப் பணிபுரியும் எங்களுக்கு மென்பொருளைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று சிலர் வினவலாம். சோதனையின் அருமையை இரயில்வேக்காரர்க்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை என்பதே எங்கள் விடை. புதிய இருப்புப்பாதை போட்டு முடிந்தாலும், பாதுகாப்பு ஆணையர் பார்வையிட்டு இசைவளிக்கும் வரையில் பயணிகள் வண்டி அதன்மேல் ஓடாது. அவ்வாணையரோ இரயில்வே அமைச்சகத்தைச் சார்ந்தவர் அல்லர். விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின்கீழ் இருப்பவர். செய்தவர் ஒருவர், சோதிப்பவர் வேறொருவர் என்பதே அதன் உட்பொருள்.

நம் முன்னோரும் இதனை அறிந்திருந்தனர். தொல்காப்பியம் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது என்று அதன் பாயிரம் கூறுகின்றது. நூலுக்கு வேண்டிய அரங்கேற்றம் மென்பொருளுக்கு வேண்டாவோ?

1996 ஆம் ஆண்டு ஜூன் 4 ஆம் நாள், தென் அமெரிக்காவின் கூரூ தளத்திலிருந்து ஐரோப்பியரின் ஏரியான் 5 ஏவுகணை முதன்முறையாக எழும்பியது. ஏறத்தாழ 40 நொடிகளில் திசைமாறி, வானிலேயே வெடித்துச் சிதறியது. அதனுடன் 4 செயற்கைக்கோள்களும் அழிந்தன. காரணம் யாது? திசையறியும் கருவியின் மென்பொருள், முந்தைய ஏரியான் 4 இலிருந்து எடுத்தாளப்பட்டது. அதில் ஓர் எண்ணுக்கு ஒதுக்கிய இடம் 32,767 வரைதான் கொள்ளும். புதிய ஏவுகணையின் பக்கவாட்டு வேகம் மிகுதியாதலின், எண் அவ்வெல்லையைக் கடந்தது, கருவி செயலிழந்தது. துணைக்கு வைத்த கருவியிலும் அதே மென்பொருள். ஆகவே அதுவும் அவ்வாறே வீழ்ந்தது. அக்கணக்கு ஏரியான் 5 மேலெழும்பிய பின்னர்த் தேவையே இல்லாதது என்பதுதான் வேதனை! புதிய பாதையின் கணக்குகளைத் தந்து அக்கருவியைத் தரையிலேயே சோதித்திருப்பின் பிழை வெளிப்பட்டிருக்கும் என்று விசாரணைக் குழு கூறியது. பழைய வண்டியில் நன்கு ஓடியது என்பது புதிய வண்டிக்குச் சான்றாகாது. பிழை களைந்த அதே ஏவுகணை வரிசைதான் 2021 இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியை விண்ணுக்கு ஏற்றிச் சென்றது.

அன்பர்களே! நம் சங்கக் குடும்பங்களில் மென்பொருள் சோதனைப் பணியிலுள்ள பிள்ளைகள் பலர். சம்பந்தம் பேசும் இடத்திற்கூட, “எழுதுவதன்றோ வேலை, சோதிப்பதும் ஒரு வேலையா?” என்று கேட்கின்றனர். தவணை நெருங்கினால் முதலிற் குறைக்கப்படுவதும் சோதனைக்குரிய நாட்களே. இவ்விரண்டும் ஒரே அறியாமையின் இரு கிளைகள். பிழையைக் காட்டுபவன் பகைவன் அல்லன். பிறர் உயிரையும் பொருளையும் காக்கும் காவலன்.

இளைஞர்களே, சோதியாததைச் சோதித்ததாக எழுதிக் கையொப்பமிடாதீர்கள். பெற்றோர்களே, அப்பணியைத் தலைநிமிர்ந்து சொல்லுங்கள்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!