மழையில் ஒரு பாலம்

ஓவியர் ஒருவரைத் தேடிப் போனால் வழியில் இன்னொருவர் எதிர்ப்படுவார். வான்கோவைத் தேடிய எனக்கு யப்பானிய ஓவியர் ஹிரோஷிகே அவ்வாறே அறிமுகமானார்.

திடீர் மழையிற் பாலத்தைக் கடப்போரை அவர் 1857இல் வரைந்தார். மரப்பலகையிற் செதுக்கி அச்சிடப்பட்ட அத்தாள் மலிவு விலைக்கு விற்பனையானது. முப்பது ஆண்டுகளின் பின், 1887இல், பாரிஸ் நகரிலிருந்த வான்கோ அதனை எண்ணெய் வண்ணத்திற் பிரதிசெய்தார். இரண்டையும் நூலொன்றில் அருகருகே வைத்துப் பார்த்தேன். ஹிரோஷிகேயின் மழை மெல்லிய நேர்கோடுகளாய் இறங்குகிறது. வான்கோவிலோ நிறங்கள் பளிச்சிடுகின்றன. ஓரமெங்கும் யப்பானிய எழுத்துகள்.

மலிவாய் விற்ற தாளிடம் ஒரு மேதை மாணாக்கராய் இருந்திருக்கிறார். ஆகவே, கதைக்குப் படம் வரைபவரை இரண்டாந்தரமென ஒதுக்குமுன், படத்தின் மூலையிலுள்ள கையொப்பத்தையும் ஒருமுறை வாசியுங்கள்.