மழைக்காலத்திற்குரிய வீட்டுக் காய்கறித் தோட்டம்



ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அடைமழை பிடித்தவுடன் சந்தையில் காய்கறி விலை ஏறுவது யாவரும் அறிந்ததே. சம்பா அறுவடைப் பணமோ தை மாதத்தில்தான் கைக்கு வரும். ஆகவே குடும்பஸ்தர் கத்தரிக்காயையும் கடைக்காரரிடம் கடனாகவே வாங்க நேரிடுகிறது. 1904-ஆம் வருஷத்துக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் சிக்கனத்தையும் சுயஉதவியையும் வளர்ப்பதற்கென்றே ஏற்பட்டது. தக்க காரியத்திற்குக் கடன் கொடுப்பது சங்கத்தின் வேலையில் ஒரு பாதி. வேண்டாத கடனைத் தவிர்ப்பது மறு பாதி. கொல்லையிலுள்ள ஒரு சென்ட் நிலம் இதற்குப் பேருதவியாகும்.

இக்காலத்துத் தோட்டம் பெரும்பாலும் நீரின்றிக் கெடுவதில்லை. நீர் தேங்கியே கெடுகிறது. தமிழ்நாட்டின் வருஷ மழையில் ஏறக்குறையப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் பெய்கிறது. சமதரையில் விதைத்தவை அடித்துக்கொண்டு போகும். இளநாற்று அழுகிச் சாகும். ஆகையால் ஆவணியிலேயே 3 அடி அகலமும் அரை அடி உயரமுமுள்ள மேட்டுப்பாத்திகள் அமைத்து, இடையே கால்வாய் வெட்டி, தாழ்ந்த பக்கமாக நீரை வடியவிடுதல் அவசியம். நன்கு மக்கிய எருவையே இடவேண்டும். பச்சைச் சாணம் இட்டால் புழுவும் கறையானும் சேரும்.

மிளகாய் நாற்று சுமார் 40 நாட்களிலும், கத்தரி 35 நாட்களிலும், தக்காளி 25 நாட்களிலும் நடவுக்கு வரும். எனவே மிளகாயை ஆவணித் தொடக்கத்திலும், கத்தரியை ஒரு வாரம் கழித்தும், தக்காளியை ஆவணிக் கடைசியிலும் விதைத்தால், யாவும் புரட்டாசியில் நடப்பட்டு அடைமழைக்கு முன் வேர் பிடித்துக்கொள்ளும். வெண்டையைப் பாத்தியிலேயே ஊன்றலாம்; சுமார் 45 நாட்களில் காய் பறிக்கலாம். நாட்டு அவரை பகற்பொழுது குறுகினால்தான் பூக்கும். ஆடியில் ஊன்றி வேலியில் படரவிட்ட கொடி மார்கழி, தை மாதங்களில் காய்க்கும். மழை ஓய்ந்த இடைவெளிகளில் தண்டுக்கீரை, சிறுகீரை விதைத்தால் 25 அல்லது 30 நாட்களில் பறிக்கலாம். கீரையின் சத்து உடலில் வைட்டமின் ஏ ஆக மாறுகிறது. அச்சத்து மிகக் குறைந்த குழந்தைகளுக்கு மாலைக்கண் உண்டாகிறது. கவனியாது விட்டால் பார்வையே போய்விடக்கூடும். ஆதலால் கீரைப்பாத்தியை அற்பமாக எண்ணலாகாது.

விதைச் செலவிலும் சிக்கனத்திற்கு வழியுண்டு. ஒரு கிராம் கத்தரி விதையில் 200-க்குக் குறையாத விதைகள் இருக்கும்; ஒரு குடும்பத்துக்கோ 10 செடிகள் போதும். பத்து வீட்டார் தனித்தனியே விதை வாங்கினால் பெரும்பகுதி வீணாகும். மேட்டு நிலமுள்ள ஓர் அங்கத்தினர் கொல்லையில் பொதுவாக ஒரு நாற்றங்கால் விட்டு, வைக்கோலால் மூடி, முளைத்தவுடன் வைக்கோலை அகற்றி, முறைவைத்து நீர் தெளித்து வந்தால், ஒருவர் விதைச் செலவில் பத்து வீட்டுக்கும் நாற்றுக் கிடைக்கும். நல்ல நாட்டுச் செடியில் ஓரிரண்டு காய்களைப் பழுக்கவிட்டு விதை எடுத்து வைத்தால் அடுத்த வருஷம் அச்செலவும் இராது.

ஆவணி பிறக்குமுன் நாற்றங்காலுக்கு இடம் எது, நீர் தெளிக்கும் முறை யார் யாருடையது என்பதைச் சங்கக் கூட்டத்தில் தீர்மானித்துக்கொள்ளுதல் நலம். நாற்று முற்றிய பின் நடுவதாலும், மழை பிடித்த பின் பாத்தி போடுவதாலும் பயனில்லை.