ஸ்கேன் படமும் ஒரு தாயின் கேள்வியும்

(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



சென்ற கூடுகையில் உங்களில் ஒருவர் எழுந்து, "ஐயா, எம்.ஆர்.ஐ. இயந்திரம் இருந்தால் மனச்சிதைவு நோயைப் படம் பிடித்தே கண்டுபிடித்துவிடலாமே?" என்று கேட்டார். நல்ல மனதோடு கேட்ட கேள்வி. அன்று நேரமில்லாததால் பதில் சொல்லாமல் விட்டேன். நான் மருத்துவன் அல்ல. நோயாளிகளின் கட்டிலருகே உட்காருகிறவன். ஆனாலும் மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்துகொண்டதை இன்று சொல்லுகிறேன்.

அந்தக் கேள்வி எழுவதற்குச் சில மாதங்கள் முன்புதான் ஒரு தாய் என்னைத் தேடி வந்திருந்தார்கள். கையில் பெரிய உறை. மகனுக்கு இருபத்திரண்டு வயது. யாரும் இல்லாத இடத்தில் குரல்கள் கேட்கின்றன என்கிறான். கடன் வாங்கி ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். "ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டார்கள் ஐயா. அப்படியானால் இவன் நடிக்கிறானா? இல்லை, நான் வளர்த்த விதம்தான் தவறா?" என்று கேட்டு அழுதார்கள்.

இரண்டாவது கேள்வியை அந்த அம்மா தாமாக நினைத்துக் கேட்கவில்லை; வீட்டில் பிறர் சொல்லிச் சொல்லி மனதில் பதிந்தது. வீட்டார் மட்டுமா சொன்னார்கள்? 1948-ல் அமெரிக்காவில் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன் என்னும் பேர்பெற்ற மனநல மருத்துவர், இந்நோயை உண்டாக்கும் தாய் என்ற பொருளில் ஒரு சொல்லையே எழுதிவைத்தார். அதன்பின் ஏறக்குறைய ஒரு தலைமுறைக் காலம் அநேக தாய்மார் பிள்ளையின் நோயோடு அந்தப் பழியையும் சேர்த்துச் சுமந்தார்கள். பிறவிக் குருடனைக் கண்டபோது சீஷர்களும் பெற்றோரின் குற்றமா என்றுதானே முதலில் கேட்டார்கள்!

இந்தப் பழியை அசைத்ததில் படங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. நம் மூளைக்குள் நீர் நிறைந்த சிறு அறைகள் இருக்கின்றன. பழைய நாட்களில் அவற்றைப் பார்க்க, முதுகில் ஊசி குத்தி நீரை எடுத்து, காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். தாங்க முடியாத தலைவலி வருமாம். அந்த முறையிலேயே 1927-ல் ஜெர்மனியில் யாக்கோபி, விங்க்லர் என்ற இருவர், இந்நோயாளிகள் பலருக்கு அந்த அறைகள் விரிந்திருப்பதைக் கண்டார்கள். ஆனால் அத்தனை வேதனை தரும் சோதனையைச் சுகமாயிருப்பவர்களுக்குச் செய்து ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

1971-ல் இங்கிலாந்தில் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய சி.டி. ஸ்கேன் முதன்முதலாக ஒரு நோயாளியின் தலையைப் படம் பிடித்தது. அவர் வேலை செய்த இ.எம்.ஐ. நிறுவனம், நாய்ப் படம் போட்ட இசைத்தட்டுகளை வெளியிட்ட அதே நிறுவனம்தான்! 1976-ல் லண்டன் ஹாரோவிலுள்ள நார்த்விக் பார்க்கில் ஈவ் ஜான்ஸ்டன், டிம் க்ரோ குழுவினர் நெடுநாள் நோயாளிகள் 17 பேரையும் நோயற்ற 8 பேரையும் ஒப்பிட்டார்கள். நோயாளிகளின் நீரறைகள் பெரிதாயிருந்தன. சிறிய ஆய்வுதான், ஆயினும் அதற்குப் பின் இந்நோயை வெறும் வளர்ப்புக் கோளாறு என்று சொல்வது கடினமாயிற்று.

என் மனதை அதிகம் தொட்டது 1990-ல் அமெரிக்காவில் வெளியான இரட்டையர் ஆய்வு. ஒரே கருவிலிருந்து பிரிந்த 15 ஜோடி இரட்டையர். ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவருக்கு நோய் உண்டு, மற்றவருக்கு இல்லை. எம்.ஆர்.ஐ. படங்களை அருகருகே வைத்து, 12 ஜோடிகளில் நோயுள்ளவர் யார் என்று கண்ணால் பார்த்தே சொல்ல முடிந்தது. நினைவாற்றலுக்கு வேண்டிய ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதி, இடப்பக்கத்தில், 14 ஜோடிகளில் நோயுள்ளவருக்கே சிறிதாயிருந்தது. ஆய்வாளர்களில் ஒருவரான ஃபுல்லர் டோரியின் சொந்தத் தங்கையே இந்நோயால் வருந்தியவர்.

இங்கேதான் அந்தத் தாயின் முதல் கேள்விக்கும், நம் சகோதரரின் கேள்விக்கும் பதில் இருக்கிறது. பக்கத்தில் இரட்டைச் சகோதரனின் படம் இருந்ததால் வித்தியாசம் தெரிந்தது. தனியாகப் பார்த்தால் பலருடைய படம் சாதாரணமாகவே தோன்றும். 2016-ல் பல நாட்டு மையங்கள் சேர்ந்து 2,028 நோயாளிகளையும் 2,540 நோயற்றவர்களையும் ஒப்பிட்டன. ஹிப்போகாம்பஸ் சுருக்கமும் நீரறை விரிவும் மீண்டும் தெரிந்தன. ஆனால் அது சராசரி. நம்மில் உயரமானவரும் குட்டையானவரும் இருப்பதுபோல, நீரறை பெரிதாயிருந்தும் சுகமாயிருப்பவர் உண்டு. சிறிதாயிருந்தும் நோயுள்ளவர் உண்டு. ஆகையால் மருத்துவர் நோயாளியோடும் வீட்டாரோடும் பேசித்தான் இந்நோயை அறிகிறார். கட்டி முதலிய வேறு காரணம் இல்லை என்று உறுதிசெய்ய ஸ்கேன் உதவும். அந்தப் பையனின் அறிக்கையில் "ஒன்றுமில்லை" என்றதன் பொருள் அவ்வளவே. ஆகவே, சகோதரரே, இந்நோயைக் கண்டுபிடிப்பதற்கென்று அந்த இயந்திரம் வேண்டாம்.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. மாத்திரைகளே மூளையைச் சுருக்குகின்றனவோ என்ற ஐயமும் உண்டு. 2011-ல் அமெரிக்காவின் அயோவாவில் நான்சி ஆண்ட்ரியாசன் குழுவினர், அதிக மருந்து உட்கொண்டவர்களிடம் மூளைத் திசு சற்று அதிகமாகக் குறைந்திருந்ததை எழுதினார்கள். ஆனால் 1927-ல் இம்மாத்திரைகள் உலகத்திலேயே இல்லை. அப்போதும் நீரறைகள் விரிந்துதான் இருந்தன. அளவு பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். தாமாக மருந்தை நிறுத்தி, மறுபடியும் கட்டிலுக்கு வந்தவர்களை நான் அதிகம் பார்த்துவிட்டேன்.

அந்தத் தாயிடம் இதில் பாதியைக்கூடச் சொல்லவில்லை. "உங்கள் மகன் நடிக்கவில்லை. உங்கள் வளர்ப்பால் வந்ததும் இல்லை" என்றேன். சற்று நேரம் உறையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு, "இதை அவன் அப்பாவிடம் நீங்களே ஒருமுறை சொல்லுவீர்களா ஐயா?" என்று கேட்டார்கள். அடுத்த வாரம் அவரும் வந்தார்.