சிறு வணிகர் வழக்கறிஞரை நாடுவது எப்போது?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இசையும் நாடகமும் கண்டு மகிழ வந்திருக்கும் இவ்வவையில் சட்டத்தைப் பற்றிச் சிறிது பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்திருக்கிறார். நான் சட்டம் பயின்றவன் அல்லேன். பள்ளி இறுதித் தேர்வோடு படிப்பை நிறுத்தி ரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்தவன். ஆயினும், சரக்கு இழப்பீட்டுக் கோரிக்கைகளைக் கவனிக்கும் பிரிவில் பணியாற்றுவதால், சிறு வணிகர் எவ்விடத்தில் இடறி விழுகின்றனர் என்பதை நாள்தோறும் காண்கிறேன். அந்த ஒரு தகுதியைக் கொண்டே பேசத் துணிந்தேன்.

இக் கரக்பூருக்கு நம் முன்னோர் ரயில்வே வேலையை நம்பி வந்தனர். இன்று நம் குடும்பங்கள் பலவற்றில் வேலையோடு வணிகமும் சேர்ந்திருக்கிறது. ஓய்வு பெற்றவர் சேமநிதியையும் பணிக்கொடையையும் போட்டுக் கோல் பஜாரில் ஒரு கடையோ சிற்றுண்டிச் சாலையோ தொடங்குகிறார். தாய்மார்கள் அப்பளமும் ஊறுகாயும் இட்லி மாவும் செய்து விற்கின்றனர். இளைஞர் சிலர் பட்டறை வைத்திருக்கின்றனர். இவர்களுக்கு வழக்கறிஞர் தேவையா என்பதே இன்றைய கேள்வி.

இதற்கு நம்மிடையே இரண்டு விடைகள் வழங்குகின்றன. வக்கீல் வீட்டுப் படியேறினால் குடும்பம் கெட்டது என்பார் ஒரு சாரார். எதற்கெடுத்தாலும் "நோட்டீஸ் விடுகிறேன்" என்பார் மற்றொரு சாரார். என் கருத்து யாதெனில், வழக்கறிஞரை நாடவேண்டிய வேளை வழக்குப் பிறந்த பின் வருவதன்று. தாளில் கையொப்பம் இடுவதற்கு முன் வருவது. நாமோ முதல் வேளையில் அவரை மறந்துவிட்டு, கடைசி வேளையில் ஓடுகிறோம்.

வழக்கறிஞர் இன்றியே செய்துகொள்ளத் தக்கவற்றை முதலில் கூறுகிறேன். ரயிலில் அனுப்பிய சரக்குக் குறைந்துவிட்டது அல்லது உடைந்துவிட்டது எனின், 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின்படி, சரக்கை ஒப்படைத்த நாளிலிருந்து 6 மாதத்திற்குள் எழுத்து மூலம் கோரிக்கை கொடுத்தல் வேண்டும். மூட்டை சேதமுற்று வந்தால், எடுத்துச் செல்லுமுன் அங்கேயே பிரித்துக் காட்டி ஒப்படைக்குமாறு கேட்கலாம். சட்டம் அதற்கு உரிமை தருகிறது. கோரிக்கை எழுத ஒரு வெள்ளைத் தாளும், ரயில்வே ரசீதின் எண்ணும், சரக்கின் விலைப்பட்டியலும் போதும். ஆறு மாதத்தைக் கடத்திவிட்டு ஏழாம் மாதத்தில் வழக்கறிஞரை அழைத்து வருபவர் உண்டு. அவர் எத்துணைக் கெட்டிக்காரராயினும் கடந்துபோன நாளை மீட்டுத்தர அவரால் இயலாது.

சிறு தொழிலுக்கான 'உத்யம்' பதிவும் அவ்வாறே. 2020-ஆம் ஆண்டு முதல் நடைமுறையிலுள்ள இப்பதிவுக்குக் கட்டணம் ஏதும் இல்லை. கணினி அறிந்த நம் பிள்ளைகளே செய்து தருவர். இதனால் விளையும் பயன் பெரிது. பட்டறையில் உறுப்புகள் செய்து பெரிய ஆலைக்குக் கொடுப்பவருக்கும், ஊறுகாய் செய்து பெரிய கடைக்குக் கொடுப்பவருக்கும் பணம் மாதக் கணக்கில் நின்றுவிடுவது வழக்கம். 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குறு, சிறு தொழிலரிடம் பொருள் வாங்கியவர், எழுத்தில் எத்தனை நாள் தவணை குறித்திருந்தாலும், 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைத்தல் கூடாது. தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப் போல் மும்மடங்கு வட்டியை, மாதந்தோறும் முதலோடு சேர்த்துக் கணக்கிட்டுக் கொடுக்கவேண்டும். இம்முறையீட்டைக் கேட்பதற்கென்றே மாநில அரசுகள் மன்றங்கள் அமைத்துள்ளன. ஆனால் இவ்வுரிமை பொருள் செய்பவருக்கும் பணி செய்து கொடுப்பவருக்குமே உரியது; வாங்கி விற்கும் வணிகருக்கு இல்லை. பொருளை அனுப்புவதற்கு முன்பே பதிவு செய்துகொள்வதும் நன்று.

இனி, வழக்கறிஞர் இன்றியமையாத இடங்களுக்கு வருகிறேன். அவற்றுள் தலையாயது கூட்டு வணிகம்.

நண்பர் இருவர் சேர்ந்து சிற்றுண்டிச் சாலை வைக்கின்றனர் என்று கொள்வோம். ஒருவர் திருச்சிக்காரர்; தம் பணிக்கொடையிலிருந்து 6 லட்சம் ரூபாய் போடுகிறார். மற்றவர் நெல்லைக்காரர், 2 லட்சம் போட்டு, விடியற்காலை முதல் கடையில் நிற்கிறார். பத்திரம் ஒன்றும் இல்லை. வாய்ச்சொல்லே ஒப்பந்தம். சட்டம் வாய்மொழிக் கூட்டையும் ஏற்கும், அதில் ஐயமில்லை. ஆனால் எழுதாமல் விட்ட இடங்களை எல்லாம் 1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டமே நிரப்பிவிடும். வேறு ஏற்பாடு இல்லையெனில், போட்ட முதல் எவ்வளவாயினும் இலாபமும் நட்டமும் சரிபாதி. ஒருவர் கடைக்கென வாங்கிய கடனுக்கு மற்றவருடைய சொந்த வீடும் பொறுப்பு. ஒருவர் இறந்தால் கூட்டே கலைந்துவிடும். கூட்டு நிறுவனத்தைப் பதிவு செய்யாதிருந்தால், பாக்கி வைத்த வாடிக்கையாளர் மீது நிறுவனத்தின் பெயரால் வழக்குத் தொடுக்கவும் இயலாது.

நெல்லைக்காரர் திடீரென்று காலமாகிறார் என்று எண்ணிப் பாருங்கள். அவர் மனைவிக்கு வங்காளமும் தெரியாது, கணக்கும் தெரியாது. அந்தக் கடையில் தமக்கு என்ன உண்டு என்று யாரிடம் கேட்பார்? திருச்சிக்காரர் உத்தமராகவே இருக்கட்டும். அவர் எவ்வளவு கொடுத்தாலும் "குறைத்துக் கொடுத்தார்" என்று ஊர் சொல்லும். கொடுப்பவருக்கும் பழி, பெறுபவருக்கும் மனக்குறை. முப்பது ஆண்டுகள் பொங்கலும் தீபாவளியும் சேர்ந்து கொண்டாடிய இரண்டு குடும்பங்கள் அடுத்த ஆண்டு இவ்விழாவில் எதிரெதிர் மூலைகளில் அமரும். இவ்வளவையும் தடுக்க வல்லது நான்கு பக்கத்தில் எழுதிய ஒரு பத்திரம். முதல் எவ்வளவு, உழைப்புக்குச் சம்பளம் உண்டா, கணக்கு யார் எழுதுவது, ஒருவர் விலகினாலோ இறந்தாலோ பங்கை எவ்வாறு மதிப்பிடுவது என்பவற்றை வழக்கறிஞரைக் கொண்டு எழுதிப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

"நம்மவரிடமே பத்திரம் கேட்பதா? நம்பிக்கை இல்லையென்று எண்ணமாட்டாரா?" என்பர். நம் ஊரில் திருமணம் நிச்சயிக்கும்போது உறவினரிடையேகூட லக்கினப் பத்திரிகை எழுதிப் படிக்கிறோம். அதனை எவரும் அவநம்பிக்கை என்று சொல்வதில்லையே! எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா என்று பழமொழி சொன்னவர்களும் நம் முன்னோர்தாம். நட்பு நன்றாயிருக்கும் நாளில் எழுதுவது எளிது. கசந்தபின் ஒருவரும் கையொப்பமிட மாட்டார்.

இரண்டாவது, கடையின் வாடகைத் தாள். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்குப் பதிவு கட்டாயம். பதினொரு மாதத்திற்கென்று எழுதும் வழக்கம் இதனால் வந்தது. ஆனால் பலகையும் அடுப்பும் கண்ணாடிப் பெட்டியும் வைத்துப் பெருந்தொகை செலவிட்டவர் பதினோராம் மாதம் காலி செய்ய நேர்ந்தால் என்ன ஆவது? வாடகைச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். சென்னையில் இருக்கும் மைத்துனர் தொலைபேசியில் சொல்லும் யோசனை மேற்கு வங்காளத்தில் செல்லாது. தாளோ வங்காளத்தில் அல்லது ஆங்கிலத்தில் இருக்கும். மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை, 1879-இல் வெளிவந்த தம் 'பிரதாப முதலியார் சரித்திர'த்திலேயே, கட்சிக்காரருக்கு விளங்காத மொழியில் வாதாடும் வக்கீல்களைக் கண்டித்தார். விளங்காத மொழியில் உள்ள தாளில் கையொப்பமிடும் நமக்கும் அது பொருந்தும். இவ்வூர் வழக்கறிஞர் ஒருவர் படித்து ஒவ்வொரு வரிக்கும் பொருள் சொல்லாமல் பேனாவைத் திறக்காதீர்கள்.

மூன்றாவது, நாட்கணக்கு உள்ள செய்திகள். கடனுக்குக் கொடுத்த காசோலை பணமின்றித் திரும்பினால், வங்கி தெரிவித்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுக்கவேண்டும். பெற்றவர் 15 நாளில் பணம் கொடுக்கவில்லையெனின், அதற்குப்பின் ஒரு மாதத்திற்குள் நீதிமன்றத்தில் புகார் செய்யவேண்டும். பொதுவாகப் பொருள் விற்ற பாக்கிக்கு வழக்குத் தொடுக்க 3 ஆண்டு வரம்பு. அதற்குள் கடனாளி பாக்கியை ஒப்புக்கொண்டு எழுதிக் கையொப்பமிட்டால் வரம்பு மீண்டும் புதிதாய்த் தொடங்கும். கடனாளி வாயால் "தருகிறேன், தருகிறேன்" என்று சொல்லிக்கொண்டே மூன்று ஆண்டைக் கழிப்பது உண்டு. நீதிமன்ற அழைப்பாணை நம் கைக்கு வந்துவிட்டாலோ, ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

ஆகவே, எந்தச் செய்தியிலும் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இழந்தால் குடும்பம் தாங்காத தொகையா? நாள் தவறினால் உரிமை போய்விடுமா? எனக்கு விளங்காத தாளா? மூன்றில் ஒன்றுக்கேனும் "ஆம்" என்று விடை வந்தால் வழக்கறிஞரை நாடுங்கள். மூன்றுக்கும் "இல்லை" யெனில், நீங்களே ஒரு கடிதம் எழுதி அனுப்பினால் போதும்.

தாய்மார்களுக்குத் தனியே ஒரு சொல். 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி பெற உரிமை உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பம் கொடுத்தால் போதும். மற்றொன்றும் நினைவிருக்கட்டும். கணவர் ரயில்வே பணியில் இருக்கையில் மனைவி வணிகம் செய்தால், 1966-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி அதனை நிர்வாகத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும்.

வழக்கறிஞரிடம் நடந்துகொள்ளும் முறையும் அறிந்திருத்தல் நலம். கட்டணத்தை முதல் நாளே கேட்டுத் தெளியுங்கள், கேட்பதில் வெட்கமில்லை. "வென்றால் பங்கு" என்னும் பேச்சு வழக்கறிஞர் மன்ற விதிகளுக்கு மாறானது. மூலப் பத்திரங்களை உங்களிடம் வைத்துக்கொண்டு நகல்களைக் கொடுங்கள். வெற்றுத் தாளில் கையொப்பமிடாதீர்கள். உண்மையை மறைக்காமல், பாதகமானதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

இறுதியாக ஒரு வரலாறு. 1893-இல் காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவுக்குச் சென்றது ஒரு வணிக வழக்குக்காகவே. தாதா அப்துல்லா, தயாப் சேட் என்னும் இருவரும் உறவினர். ஒரே ஊரிலிருந்து அயல்நாட்டுக்குப் பிழைக்கச் சென்றவர்கள். வழக்குத் தொகை 40,000 பவுன். நீண்டுகொண்டே போனால் வழக்கறிஞர் கட்டணமே இருவரையும் விழுங்கிவிடும் எனக் கண்ட காந்தியடிகள், இருவரையும் மத்தியஸ்தத்துக்கு இசைவித்தார். தீர்ப்புத் தாதா அப்துல்லாவுக்குச் சார்பாயிற்று. ஆனால் 37,000 பவுனையும் செலவையும் ஒருங்கே கொடுத்தால் தயாப் சேட் நொடித்துப் போவார். ஆகவே நீண்ட தவணையில் பெற்றுக்கொள்ளவும் தாதா அப்துல்லாவை இணங்கச் செய்தார். பிரிந்தவரைக் கூட்டுவதே வழக்கறிஞரின் தொழில் என்பதைத் தாம் அங்கே கற்றதாக அவர் தம் சரிதையில் எழுதியிருக்கிறார்.

அத்தகைய வழி இன்றும் உண்டு. மக்கள் நீதிமன்றத்தில் உடன்பட்டு முடித்த வழக்குக்குக் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அத்தீர்ப்பின்மேல் அப்பீலும் இல்லை. எனவே உங்களைச் சமரசத்துக்கு அழைக்கும் வழக்கறிஞரை வலுவற்றவர் என்று எண்ணிவிடாதீர்கள்.

நம் ஊரைவிட்டு நெடுந்தொலைவு வந்து வாழும் நமக்கு அண்டை வீட்டாரே உறவு. அவ்வுறவைக் காசு வந்து பிரிக்காமல் காப்பது நம் கடமை.  வணக்கம்.