அட்டையின் பின்பக்கத்து மூன்று இலக்கங்கள்

நேயர்களே, வங்கி அட்டை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். கையெழுத்து வைக்கும் வெள்ளைப் பட்டையருகே சின்னதாக மூன்று இலக்கங்கள் இருக்கும். வாய்விட்டு வாசிக்க வேண்டாம், பார்த்தால் போதும்.

களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் நான் வேலை பார்த்த காலத்தில், பெரியகல்லாற்றிலிருந்து வந்த ஒரு தாய் கேட்டார்: “மனே, முன்னுக்கு இவ்வளவு நீட்டு நம்பர் கிடக்கு. பின்னுக்கு இந்த மூண்டும் என்னத்துக்கு?” அருமையான கேள்வி. அதற்குப் பதில் சொல்வதென்றால் எனக்கு நேரம் போவதே தெரியாது.

அவை எழுந்தமானமாகப் போட்ட இலக்கங்கள் அல்ல. அட்டை இலக்கத்தையும் முடிவுத் திகதியையும் எடுத்து, தன்னிடம் மட்டுமே உள்ள இரகசிய எண்ணோடு சேர்த்து வங்கி ஒரு கணக்குப் போடுகிறது. அந்த விடையிலிருந்துதான் இந்த மூன்றும் வருகின்றன. நீங்கள் இணையத்தில் அவற்றை அழுத்தும்போது வங்கியின் கணினி அதே கணக்கைத் திரும்பப் போட்டு ஒப்பிடுகிறது. இன்னொன்றும் கேளுங்கள். அட்டையின் கறுப்புக் காந்தப் பட்டையில் இந்த மூன்று இலக்கங்களும் இல்லை, சிப்பிலும் இல்லை. ஏ.டி.எம். இயந்திரத்தில் கள்ளக் கருவி பூட்டிப் பட்டையைப் பிரதி எடுத்தவனுக்கும் இவை கிடைக்காது. கடைகளுக்கும் ஒரு கண்டிப்பான விதி உண்டு. பணம் வாங்கி முடிந்தபின் இந்த மூன்றையும் சேமித்து வைக்கவே கூடாது. 1995இல் இங்கிலாந்தில் மைக்கல் ஸ்டோன் என்பவர் இந்த இலக்க முறையை உருவாக்கியபோது எழுத்தும் இலக்கமுமாகப் பதினொன்று இருந்தன. பிறகுதான் மூன்றாகச் சுருங்கின. அட்டையை நேரே பார்க்கிறவருக்கு மட்டும் தெரிய வேண்டும் என்பதற்காக எவ்வளவு யோசித்திருக்கிறார்கள்!

அந்தத் தாய் ஏன் கேட்டார் தெரியுமா? கட்டாரில் இருக்கும் மகன், விமான ரிக்கட் எடுப்பதற்காக அட்டையின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லியிருந்தார். தாயும் அனுப்பிவிட்டார். மகனில் பிழையில்லை. ஆனால் அந்தப் படம் இரண்டு போனிலும் கிடக்கும். போனைத் திருத்தக் கொடுத்தால் கடையில் இருப்பவர் பார்க்கலாம். வட்ஸ்அப் கணக்கை எவனாவது கைப்பற்றினால் அவனுக்கும் கிடைக்கும். அன்றே பழைய அட்டையை நிறுத்திப் புதியதுக்கு விண்ணப்பம் எழுதினோம். “மகன் தன்ர கார்ட்டில ரிக்கட் எடுக்கட்டும் அம்மா, நீங்க காச அவர்ர கணக்குக்குப் போடுங்க” என்றேன். வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள தாய்மாரே, உங்களுக்கும் இதைத்தான் சொல்வேன்.

கோட்டைக்கல்லாற்றுத் தம்பி ஒருவரின் கதை வேறு. பழைய குளிர்சாதனப் பெட்டியை விற்க பேஸ்புக்கில் போட்டார். வாங்குகிறேன் என்றவன் ஒரு லிங்க் அனுப்பி, “காசு உங்கட கார்ட்டுக்கு வரும், விபரத்தை நிரப்புங்க” என்றான். தம்பி மூன்று இலக்கத்தையும் கொடுத்தார், போனுக்கு வந்த ஒருதடவைக் கடவு இலக்கமான ஓ.டி.பி.யையும் கொடுத்தார். பெட்டி வீட்டிலேயே நின்றது, கணக்கில் இருந்த காசுதான் போனது. இதைக் கட்டாயம் மனதில் வையுங்கள்: கணக்கில் காசு வாங்குவதற்கு அந்த மூன்று இலக்கங்களும் தேவையே இல்லை. பெயர், வங்கி, கிளை, கணக்கு இலக்கம் போதும்.

ஓ.டி.பி. இருக்கிறதே என்று சிலர் கேட்பீர்கள். சில வெளிநாட்டுத் தளங்கள் அதைக் கேட்பதே இல்லை. அங்கே இந்த மூன்றும்தான் கடைசிக் காவல்.

நேரம் முடிகிறது. காசு போய்விட்டால் யாரையும் குறைசொல்லி நேரத்தை வீணாக்காமல், முதலில் வங்கிக்கு அழைத்து அட்டையை நிறுத்துங்கள். அந்தத் தொலைபேசி இலக்கம் அட்டையின் பின்பக்கத்தில் இருக்கும். அட்டையே தொலைந்தால் அதுவும் தொலையும், ஆகவே இப்போதே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். வங்கி முறைப்பாட்டைக் கவனிக்காவிட்டால் இலங்கை மத்திய வங்கியின் 1935 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. அட்டை மோசடிக்கென்றே 2006ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டமும் இருக்கிறது, பொலிஸுக்குப் போகத் தயங்காதீர்கள். இன்றிரவு பிள்ளைகளோடு பேசும்போது, இரண்டு பக்கத்துப் போன்களிலும் கிடக்கும் அட்டைப் படங்களை அழித்துவிடுவீர்கள் என்று நம்புகிறேன்.