இன்னும் ஓராண்டு



தவக்காலம் மூன்றாம் ஞாயிறு நற்செய்தியில் (லூக்கா 13:1-9) காய்க்காத அத்திமரம் ஒன்றைப் பார்க்கிறோம். மூன்றாண்டுகளாகக் கனி தேடி ஏமாந்த உரிமையாளர், மரத்தை வெட்டிவிடச் சொல்கிறார். தோட்டக்காரரோ இன்னும் ஓராண்டு கேட்கிறார். வெறுமனே கேட்கவில்லை, அடிமண்ணைக் கொத்தி எரு வைப்பதாகப் பொறுப்பேற்றுக் கேட்கிறார்.

நம் விவசாயிகள் பலரும் இன்று அந்த மரத்தடியில்தான் நிற்கிறார்கள். உரச்செலவு கூடுகிறது, கடன் கூடுகிறது, விளைச்சல் மட்டும் கூடவில்லை. நிலத்தை விற்றுவிடலாமா என்று யோசிக்கிறார்கள்.

விற்பதற்கு முன் மண் பரிசோதனை அட்டையை எடுத்துப் பாருங்கள். அங்ககக் கரிமம் என்று ஒரு வரி இருக்கும். 0.5 சதவீதத்திற்குக் கீழே என்றால் குறைவு, 0.75க்கு மேல் என்றால் நல்ல நிலை. இலை, வேர், சாணம் மட்கி மண்ணோடு கலந்ததைத்தான் அது காட்டுகிறது. யூரியா பயிருக்குத் தழைச்சத்தைத் தரும். ஆனால் மட்கின் வேலையைச் செய்யாது. மண்ணைப் பொலபொலப்பாக்குவது மட்கு. மழைநீரைப் பிடித்துவைப்பதும், இட்ட உரம் கரைந்தோடாமல் காப்பதும், மண்புழுவுக்கு உணவாவதும் அதுவே.

நம் பெரியவர்கள் கண்மாய் வண்டலை வண்டியேற்றி வயலில் கொட்டினார்கள். சிவகங்கை, இராமநாதபுரம் பக்கம் கீதாரிகளை அழைத்து ஆட்டுக்கிடை போட்டார்கள். ஏக்கருக்கு 5 டன் மட்கிய தொழு உரம் என்பது இன்றைய பரிந்துரை. "மாடே இல்லை, எருவுக்கு எங்கே போவது சாமி?" என்பீர்கள். நியாயம்தான். தக்கைப்பூண்டுக்கு மாடு வேண்டாம். ஏக்கருக்கு 20 கிலோ விதை போதும். ஏறக்குறைய 45 நாளில், பூக்கும் பருவத்தில் மடக்கி உழுங்கள். அறுத்த தாளைக் கொளுத்தாதீர்கள். ஆனால் நன்றாக மட்கிய பிறகே நடவு செய்யுங்கள். மட்காத வைக்கோல் பயிருக்குரிய தழைச்சத்தைத் தானே இழுத்துக்கொள்ளும்.

ஒரே போகத்தில் பலன் தெரியாமல் போகலாம். நம் வெயிலில் மட்கு சீக்கிரம் சிதைந்துவிடும். ஆண்டுதோறும் கொடுத்தாக வேண்டும். ஆகவே நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கும் சகோதர சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. ஆண்டுக்கு ஓர் ஆளை மாற்றினால், அடுத்த வருடம் தன் கையில் இருக்காத வயலுக்கு யார் எரு வைப்பார்? நற்செய்தியில் அந்த ஓராண்டைத் தரும் அதிகாரம் உரிமையாளரிடமே இருந்தது. உங்களிடமும் இருக்கிறது. நான்கைந்து ஆண்டு நம்பிக் கொடுங்கள்.

ஆதாம் என்ற பெயர், நிலத்தைக் குறிக்கும் 'அதாமா' என்ற எபிரேயச் சொல்லோடு உறவுடையது. மண்ணிலிருந்து வந்த நாம் எடுத்ததில் ஒரு பங்கைத் திருப்பித் தருவது தானமல்ல, நீதி.

இந்த வாரம் ஆலய வளாகத்தில் உதிரும் வேப்பிலையைத் தீயிடாமல் குழியில் சேருங்கள். வீட்டில் 'இவன் தேறமாட்டான்' என்று நாம் கைவிட்ட ஒருவர் இருந்தால், அவரிடம் கனி கேட்பதை நிறுத்திவிட்டு, வேருக்கு என்ன கொடுத்தோம் என்று கேட்டுப் பார்ப்போம்.

நமக்காக ஒவ்வோர் ஆண்டும் பொறுத்திருக்கும் இறைவன் உங்களையும் உங்கள் நிலத்தையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.